வாளிக்குப் போகிற குழாய்

எங்கள் மேடவாக்கம் குடியிருப்பில் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, லிட்டருக்கு 900 மில்லிகிராம். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை பரவாயில்லை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஆக, விதிப்படி குடிக்கலாம். பருப்புக்குத்தான் விதி தெரியாது, வேகமாட்டேன் என்கிறது. டீயின் மேல் ஏடு மிதக்கிறது. இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் கவிழ்க்க அம்மாவுக்கும் முடியவில்லை. சிங்குக்கு அடியில் ஆர்.ஓ. வைப்பதென்று முடிவாயிற்று.

வாங்குவது சுலபம். சிங்குக்கு அடியில் இடம் பிடிப்பதுதான் பாடு. பினாயில், பழைய துணிகள், எப்போதோ வாங்கிய சுண்ணாம்பு டின் எல்லாம் வெளியே வந்த பிறகு, மாட்டவந்த தம்பி செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து உள்ளே நுழைந்தார். ஆங்கிள் வால்வைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றினார். கிரானைட்டில் தனிக் குழாய்க்குத் துளை போடும்போது என்னைத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வெள்ளைச் சேறு தரையெல்லாம் வழிந்தது. பிறகு மண் வடிகட்டி, கார்பன், பம்ப், மெம்ப்ரேன், டேங்க் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன.

கடைசியாக ஒரு மெல்லிய குழாய் மிச்சமிருந்தது.

"சார், ரிஜெக்டை டிரெயின்லயே விட்டுடறேன். கண்ணுலயே படாது."

கண்ணில் படாமல் போவதுதான் எனக்கு உறுத்தியது. சுவரில் மாட்டும் ஆர்.ஓ.வில் கழிவுக்குழாய் சிங்குக்குள் தொங்கி நம் மானத்தை வாங்கும். அடியில் ஒளிந்த மெஷின் கொட்டுவது யாருக்கும் தெரியாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வெளியே போவது வீட்டு மெஷின்களில் சகஜம். அதைக் கோளாறு என்றும் சொல்லமுடியாது. அழுத்தத்தில் தண்ணீர் மெம்ப்ரேனைத் தாண்டுகிறது, உப்பு இந்தப் பக்கமே நிற்கிறது. நிற்கிற உப்பை ஓடும் நீர் அடித்துக்கொண்டு போகாவிட்டால் மெம்ப்ரேன் அடைத்துக்கொள்ளும். 1959 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய மெம்ப்ரேன்தான் இந்த வித்தையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நெம்மேலியில் கடல்நீர் குடிநீராவதும் இதே முறையில்தான். அங்கேயும் மிஞ்சும் உப்புநீர் எங்காவது போயாகவேண்டும்.

2019-இல் டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மத்திய அரசுக்குச் சொன்னது. அதே கோடையில்தான் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு நின்றது. எங்கள் 900-க்கு அந்தத் தடை பொருந்தாது. அதற்காக முக்கால் பங்கைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. கணக்குப் போட்டால் அந்தக் கழிவும் அப்படியொன்றும் விஷமில்லை. நாலு லிட்டரின் உப்பு மூன்று லிட்டரில் சேர்வதால் 1200-ஐ ஒட்டி வரும், அவ்வளவுதான். தொட்டிச் செடிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். தரை துடைக்க, கழிவறையில் ஊற்ற, பாத்திரத்தின் முதல் அலசலுக்குத் தாராளமாகப் போதும்.

"சர்வீஸ் ஏரியாவுக்கு இழுத்து விட்டுடுங்க தம்பி."

"இன்னொரு ஓட்டை போடணுமே சார்" என்று முனகியபடி சுவரைத் துளைத்தார்.

இப்போது அங்கே ஒரு நீல வாளி இருக்கிறது. அது அம்மாவின் ஆட்சி. வாளி நிறைந்ததும் மெஷினை அணைத்துவிடுவார். அடியில் டேங்க் நிரம்பியதா என்று கேட்பதே இல்லை. தரை துடைத்து வாளி காலியானால்தான் மறுபடி சுவிட்ச் போடுவார். அதுவரை குடிக்க இருப்பதைக் குடித்துக்கொள்ளவேண்டும்.