டயருக்கு ஒரு வணக்கம்

மெரினா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுண்டலும் காந்தி சிலையும்தான். கடலோடிகளிடம் கேட்டால், சொந்தப் படகுகளைக் கட்டி வைக்கிற துறைக்குத்தான் அந்தப் பேர் என்பார்கள். கிட்டத்தட்ட கார் பார்க்கிங் மாதிரி. கொச்சியில் போல்காட்டித் தீவில் அப்படி ஒன்று இருக்கிறது. கொடைக்கானலில் அந்த அளவுக்கு எல்லாம் கிடையாது. ஆனால் படகை எப்படித் துறையில் சேர்ப்பது, அப்போது நாம் எப்படி நடந்துகொள்வது என்கிற பாடம் முழுசும் அங்கேயே கிடைக்கும்.

அந்த ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. முதல் படகையும் அவரே தூத்துக்குடியிலிருந்து கொண்டு வந்தாராம். மோட்டார் வண்டி இல்லாத காலத்தில் கடற்கரைப் படகு ஒன்று மலையேறியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள்! 1890-ல் படகு கிளப்பும் வந்துவிட்டது.

போன வருஷம் வகுப்பு நண்பர்களோடு போயிருந்தோம். துடுப்புப் படகு. திரும்பி வரும்போது துறை கிட்டே வந்ததும், மோதிவிடப் போகிறதே என்று ஒரு நண்பன் இரண்டு கையையும் வெளியே நீட்டினான். படகுக்காரர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஆடிப்போனோம்.

"கைய உள்ள வைங்க தம்பி! டயர் எதுக்குத் தொங்குது? அது வாங்கிக்கும்."

அப்புறம் தன் இடது கையைக் காட்டினார். நடுவிரல் கோணலாக இருந்தது.

"எப்பண்ணே ஆச்சு?"

"உங்க வயசுல. ரெண்டு படகுக்கு நடுவுல."

அவர் அதற்கு மேல் பேசவில்லை. எனக்குத்தான் மண்டைக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. படகும் ஆட்களும் சேர்ந்து 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு 1 மீட்டர், அதாவது ஆள் நடக்கிற வேகம்தான். இயக்க ஆற்றல் 250 ஜூல். இதை மரமோ எலும்போ 1 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமென்றால் சராசரி விசை 25,000 நியூட்டன். ஏறக்குறைய இரண்டரை டன் எடை! அதையே ஒரு டயர் 10 சென்டிமீட்டர் அமுங்கி நிறுத்தினால் பத்தில் ஒரு பங்கு, கால் டன்தான். வேகத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டால் அதுவும் நாலில் ஒன்றாகிவிடும். ப்ளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த சூத்திரம் அந்த விரலில்தான் எனக்குப் புரிந்தது.

இந்த வேலையைச் செய்கிற பொருளுக்கு ஃபெண்டர் என்று பெயர். மரினாக்களில் காற்றடைத்த உருளையாக, படகின் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். நம் ஊரில் பழைய டயர். எதுவானாலும் சரி, மோதல் விழுகிற உயரத்தில் தொங்கினால்தான் பயன். கிளம்பியதும் படகிலுள்ள ஃபெண்டரை எடுத்து உள்ளே வைத்துவிடுவது மரியாதை. துறையில் இடமில்லாமல் இன்னொருவர் படகை ஒட்டிக் கட்டும்போது நாமே ஃபெண்டரைப் போட்டுக்கொண்டு போவதும் அப்படித்தான். அது நம் படகைவிட அவர் படகுக்கான பாதுகாப்பு.

ஏரியில் பெடல் போட் மிதிப்பவர்களுக்கும் சில விஷயங்கள் உண்டு. துடுப்புப் போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கு அவரைத் தெரியும். அதனால் ஒதுங்க வேண்டியது நாம்தான். அவர் படகிலேயே நாம் உட்கார்ந்திருந்தால் நாம்தான் அவருக்குக் கண். செல்ஃபியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு முன்னால் என்ன வருகிறது என்று சொல்லலாம் :-) இன்னொரு வேடிக்கை: சாலையில் நமக்கு இடது பக்கம். ஆனால் கடல் விதிப்படி இரண்டு எந்திரப் படகுகள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், படகு கட்டப்படும்வரை எழுந்திருக்காமல் இருப்பது. கட்டிய பிறகும் ஒவ்வொருவராக இறங்குவது. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அது பெரிய படகு. நாலு பேர் உட்காருகிற சின்னப் படகில் ஒருவர் சட்டென்று எழுந்தாலே போதும்.

அடுத்த முறை கொடைக்கானல் போகிறவர்கள் துறையில் தொங்குகிற டயர்களை ஒரு நிமிஷம் பாருங்கள். எத்தனை விரல்களைக் காப்பாற்றியிருக்கும்! ஊட்டி, ஏற்காடு, பிச்சாவரம் பக்கம் இருக்கிறவர்கள், உங்கள் ஊர்த் துறையில் டயரா, கயிற்றுச் சுருளா, வேறு ஏதாவதா என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்கிறேன்.