மறந்துவிடு என்று சொல்லாதீர்கள்



விபத்தைப் பார்த்த மகன் மாதக்கணக்காகச் சரியாகத் தூங்குவதில்லை என்று, பண்பொழிக்கு வந்திருந்த பழைய மாணவி ஒருத்தி அழுதாள். திருநீறு மந்திரித்தாயிற்று. (அதுவும் இருக்கட்டும்.) ஆலோசகரிடம் போனால் 'பைத்தியம்' என்று பேர் வந்துவிடுமாம்!

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பின் வடகிழக்கு இலங்கை முகாம் ஒன்றில், போரையும் பார்த்திருந்த 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் ஆலோசகர்களே சிகிச்சை கொடுத்தார்கள். ஆறே அமர்வு. சிலருக்குத் தியானப் பயிற்சி, மற்றவர்களுக்குக் கதைமுறை. கதைமுறையில் கயிறுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்ல நாளுக்குப் பூ, கெட்ட நாளுக்குக் கல் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொல்லவேண்டும். நாமோ "மறந்துடு" என்கிறோம். சொல்லச் சொல்லத்தான் அது முடிந்துபோன நாள் என்று மனசுக்குப் பிடிபடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதைமுறையில் 81 சதவீதம், தியானத்தில் 71 சதவீதம் பிள்ளைகள் தேறியிருந்தார்கள்.

எண் 14416, டெலி மானஸ். அரசு சேவை, இலவசம். தமிழிலேயே பேசலாம்.