பாட்டில்லாத தட்டு

என்னிடம் இரண்டு இசைத்தட்டுகள் இருக்கின்றன. இரண்டிலும் பாட்டு கிடையாது. நேராக ஸ்பீக்கரில் போட்டால் 'ஙீ...' என்று ஒரே சத்தம். அந்தக்கால டிவியில் வண்ணப்பட்டைகளோடு வருமே, அது மாதிரி.

இதற்கு டைம்கோட் தட்டு என்று பெயர். என்னுடையது செராட்டோ. நொடிக்கு 1000 அதிர்வுகள் உள்ள ஒலி அதில் பதிந்திருக்கிறது. தட்டை வேகமாகச் சுற்றினால் ஒலி உயரும், பிடித்து நிறுத்தினால் அடங்கும். அதை வைத்து லேப்டாப் வேகத்தைக் கணக்கிடுகிறது. இடது, வலது இரண்டு பக்கமும் அதே ஒலிதான், ஆனால் ஒன்று கால் அலை முந்தி ஓடும். எது முந்துகிறது என்று பார்த்தால் தட்டு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும். காலேஜ் லேபில் மோட்டாரின் திசை கண்டுபிடிக்க என்கோடரில் செய்த அதே வித்தை. பாட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. தட்டு சொல்வதெல்லாம் என் கை என்ன செய்கிறது என்பதை மட்டும்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு வருஷம் சிங்க் பட்டனைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். அழுத்தினால் இரண்டு பாட்டின் வேகமும் ஒன்றாகிவிடும். காதுக்கு வேலையில்லை, கண் திரையில் இருந்தால் போதும்.

நண்பனின் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, எண்பதுகளின் சினிமா பாட்டு ஒன்றின் மேல் புது பீட் ஒன்றை ஏற்றினேன். பல்லவி அழகாகப் போனது. இடையிசை முடிந்து சரணம் வந்ததும் தபலா ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். ஆடினவர்கள் நின்றுவிட்டார்கள். நண்பனின் அத்தை கேட்டார்: "என்ன தம்பி, ரெண்டு ரேடியோ சேந்து ஓடுதா?"

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. ஒரு பாட்டுக்கு ஒரே வேகம் என்று அது நம்பியது. நான் எழுதியிருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் அந்தப் பாட்டை வாசித்தவர்கள் மனுஷர்கள். உற்சாகம் வந்தால் கொஞ்சம் ஓடுவார்கள், பாடகி மூச்சு வாங்கினால் கொஞ்சம் நிற்பார்கள்.

அதன்பிறகு திரைமேல் துண்டைப் போட்டுவிட்டுப் பழகினேன். ஒரு பாட்டு நிமிஷத்துக்கு 120 அடி, இன்னொன்று 121 என்றால் வித்தியாசம் ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அரை நிமிஷத்தில் ஒன்றின் அடி இன்னொன்றின் இடைவெளியில் போய் விழும். அதற்குள் காது பிடிக்க வேண்டும், விரல் தட்டின் ஓரத்தைத் தொட வேண்டும். முதல் மாதம் முழுக்க எந்தப் பாட்டு முந்துகிறது என்றே தெரியவில்லை. பல ராத்திரி ஹெட்போனைக் கழற்றி வீசியிருக்கிறேன்.

இப்போது அதே பாட்டைக் கடைசிவரை கொண்டுபோக முடிகிறது. சரணத்துக்குள் நுழையும்போது தபலாக்காரர் லேசாக முந்துவார். அவர் யாரென்று தேடினேன், பேர் கிடைக்கவில்லை. அந்த இடம் வரும்போது மற்ற தட்டை விரலால் மெல்லத் தள்ளிவிடுகிறேன், அவரோடு சேர்ந்து போக.