பத்துக்குப் பன்னிரண்டு

கல்கத்தாவில் ஓர் அறை சும்மா கிடப்பதில்லை. அதிலும் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில், முருங்கைக்காயும் வாழை இலையும் புதிதாக அரைத்த காப்பிப்பொடியும் நாலு எட்டில் கிடைக்கும் என்பதாலேயே மூன்று தலைமுறையாகத் தமிழர்கள் நகராமல் இருக்கும் இடத்தில், ஓர் அறை என்பது சொத்து. அங்கே ஒரு வயதான தம்பதி பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை ஒரு முயலுக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி வேடிக்கையாகத்தான் பரவியது. "வாடகை ஒழுங்காகத் தருகிறதா?" என்று கேட்டார் இலைக்கடைக்காரர்.

முயல் வந்தது மகளால். பாக்பஜார் பக்கம் காலிஃப் தெருவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் செல்லப்பிராணிச் சந்தையில் வாங்கி வந்தாள். முன்பு ஹாதிபாகானில் கூடிய சந்தை அது. புறா, மீன், பூச்செடி, நாய்க்குட்டி எல்லாம் தெருவோரத்திலேயே. கிளியும் முனியாவும் விற்பது குற்றம். வனத்துறை அவ்வப்போது வந்து பிடிக்கும். காட்டு முயலுக்கும் 1972-ம் வருடச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. வெள்ளை வளர்ப்பு முயலுக்கு அந்தக் கவலை இல்லை. அது ஐரோப்பிய வம்சம், நம் புதர்களில் ஓடும் முயலுக்குத் தூரத்து உறவு. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். 'துலோ' என்று பெயர் வைத்தாள் மகள், வங்காளியில் பஞ்சு. கூடவே இரண்டடிக் கம்பிக்கூண்டும், தினம் கேரட் போட்டால் போதும் என்ற கடைக்காரரின் ஆலோசனையும் வந்தன.

சில மாதங்களில் பெங்களூரில் வேலை கிடைத்து மகள் போய்விட்டாள். துலோ பால்கனியில் தங்கிவிட்டது.

அடுத்து வந்தது 2024 கோடை. ஏப்ரல் 30 அன்று நகரில் 43 டிகிரி. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறல். அன்று மாலை துலோ தின்னவில்லை. மறுநாள் காலை கூண்டில் புழுக்கையும் இல்லை. "வெயில்தானே, சரியாப் போயிடும்" என்றார் பெரியவர். நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் பதற வேண்டியதில்லை. முயல் கிடந்தால் பதற வேண்டும். அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய யந்திரம். அரை நாள் நின்றால் உயிருக்கே ஆபத்து. இது அவருக்கு அப்போது தெரியாது. அம்மாள்தான் பிடிவாதமாகக் கூடையில் வைத்து, பெல்காச்சியா கால்நடை மருத்துவமனைக்கு டாக்ஸி பிடித்தார்.

ஊசி போட்டு, காதை ஈரத்துணியால் ஒற்றி, திரவ உணவைச் சிரிஞ்சில் ஊட்டக் கற்றுக் கொடுத்த இளம் டாக்டர், கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூண்டு எவ்வளவு பெரியது? அம்மாள் கைகளை விரித்துக் காட்டினார். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் அம்மாளைத் தைத்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பேச்சு ஆரம்பித்தது. "பொண்ணு ரூம் பூட்டியேதானே கெடக்கு? கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாமேன்னா."

"அதுல என் புஸ்தகம் இருக்கு."

"மேலே எடுத்து வெச்சாப் போச்சு."

எடுத்து வைத்தார், எல்லாவற்றையும் அல்ல. அவருடைய அப்பா வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்த கட்டுகள் பதினான்கு. சைத்ரோ செல் தள்ளுபடியில் வாங்கிய மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. ஐந்தாம் நாள் காலை அதில் இரண்டின் முதுகு இல்லை. பழைய பைண்டிங்கில் மாவுப் பசை. முயலுக்கு ருசித்ததில் ஆச்சரியமில்லை. அதன் பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருப்பது. எதையாவது அரைத்தே ஆக வேண்டும். இந்த நியாயமெல்லாம் அப்பாவின் கையெழுத்தைக் கடித்துக் குதறிய பிராணியின் முன் நிற்கும்போது யாருக்கும் ஞாபகம் வராது. பெரியவர் அதைத் தூக்கிக் கூண்டில் போட்டுப் பால்கனியில் வைத்துவிட்டார். இரண்டு நாள் மனைவியுடன் பேச்சில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்த வீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு முயல் பிடித்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அவரே கூண்டைத் திறந்தார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை. துலோ காலையில் தட்டைத் தொடவில்லை என்று மட்டும் வேலைக்காரப் பெண்மணி சொன்னார்.

அதன் பிறகு அறை மாறத் தொடங்கியது. இரண்டரை அடிக்குக் கீழே காகிதம் எதுவும் இல்லை. எலக்ட்ரிக் ஒயர்கள் பிளாஸ்டிக் குழாய்க்குள் போயின. முயலுக்கு ஒயர் என்பது வேர், குறுக்கே கிடந்தால் கத்தரித்துவிடும். பழைய கல்கத்தா வீடுகளின் சிவப்புத் தரை பளபளவென்று அழகுதான். ஆனால் முயலின் பாதத்தில் நாய்க்குப் போல மெத்தை கிடையாது, வெறும் ரோமம். வழுக்கி விழுந்தது. மேதினிபூரிலிருந்து வரும் கோரை மாதுர்ப் பாய் வாங்கி விரித்தார்கள். ஓரத்திலிருந்து அதையும் தின்றது. கோரைதானே, போகட்டும் என்று வருடத்துக்கு இரண்டு பாய் கணக்கில் எழுதினார் பெரியவர். கழிப்பிடம் பெரிய பிரச்சினையாகும் என்று பயந்தார்கள். அதுதான் சுலபமாக முடிந்தது. முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்தெடுக்கும். அந்த மூலையில் பேப்பர் போட்ட பேஸினை வைத்தால் விஷயம் முடிந்தது. மனிதன் காட்டும் மூலைக்கு அது வராது.

கேரட் வாரத்துக்கு ஒரு துண்டாகக் குறைந்தது. அது முயலுக்கு மிட்டாய் மாதிரி. வேண்டியது புல். ஆன்லைனில் உலர்புல் பாக்கெட் வரும், விலை கூடுதல். பாதி பாரத்தை லேக் மார்க்கெட் பூக்கடைகள் ஏற்றுக்கொண்டன. வங்காளிகளின் தூர்வாவும் நம் பிள்ளையாரின் அருகம்புல்லும் ஒன்றே. தினம் இத்தனை கட்டு வாங்குகிற பக்தர் யார் என்று பூக்காரர்கள் வியந்தார்களாம்.

அம்மாளுக்கு ஒரே ஒரு விஷயம்தான் தொண்டையில் சிக்கியது. விடிகாலையில் துலோ குனிந்து, தன் மிருதுவான புழுக்கையைத் தானே வாங்கித் தின்றது. மடி ஆசாரம் பார்க்கும் வீட்டில் இது சாதாரணக் காட்சி அல்ல. பதறி டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் சிரித்தாராம். "மாஷிமா, பசு அசை போடுவதை நீங்கள் பார்த்ததில்லையா? முயல் இப்படித்தான் இரண்டாம் முறை ஜீரணிக்கிறது. தின்னாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்." பசு என்ற சொல் அம்மாளைச் சமாதானப்படுத்திவிட்டது.

இப்படி அறையைத் திறந்துவிட்டவர்கள் இவர்கள் முதலல்ல. வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் கடுமையான மனச்சோர்வில் இருந்தபோது, 1774-ல் மூன்று காட்டு முயல் குட்டிகளை வளர்க்க ஆரம்பித்தார். மாலையானால் வீட்டுக் கூடத்துக் கம்பளத்தில் அவிழ்த்து விடுவார். மூன்றுக்கும் மூன்று குணம் என்று 1784-ல் ஒரு பத்திரிகைக்கு விரிவாகவே எழுதினார். ஒன்று கடைசிவரை முரடாகவே இருந்தது; ஒன்று அவர் மடியில் ஏறி உட்கார்ந்தது. அது ஏறக்குறைய 12 வயது வரை வாழ்ந்தது. அமெரிக்காவில் இதற்கென்றே 1988-ல் ஒரு சங்கம் வைத்தார்கள். லேக் மார்க்கெட் பெரியவருக்குக் கவிஞரின் கதையைப் பெங்களூரிலிருந்து மகள் சொன்னாள். "அவர் கவிஞர், புஸ்தகம் போனா இன்னொண்ணு எழுதிக்கலாம்" என்றார் அவர்.

ஆனால் மாலை காப்பியை அவர் அந்த அறையில்தான் குடிக்க ஆரம்பித்திருந்தார். துலோ திடீரென்று ஓடி, அந்தரத்தில் எகிறி உடம்பை முறுக்கி விழும். கூண்டிலிருந்த மாதங்களில் ஒருமுறையும் செய்யாதது. நாற்காலிக் கால், அலமாரி, அவருடைய செருப்பு எல்லாவற்றிலும் மோவாயைத் தேய்த்துவிட்டுப் போகும். அங்கே இருக்கும் சுரப்பியால் இது என்னுடையது என்று முத்திரை குத்துகிறது.

2024 அக்டோபர் 31. அதிகாலையில் எண்ணெய் ஸ்நானம், லேகியம், நம் தீபாவளி. இரவு காளி பூஜை. மேற்கு வங்கத்தில் பட்டாசுச் சத்தத்துக்கு நெடுங்காலம் 90 டெசிபல்தான் வரம்பு; 2023-ல் அதை 125 ஆக்கியிருந்தார்கள். ஏழு மணிக்கு முதல் வெடி. துலோ பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. முயல் கூட்டத்துக்கு ஆபத்தை அறிவிக்கிற அடி. அங்கே கூட்டம் இல்லை. பிறகு கட்டிலுக்கடியில் கண் விரிய உறைந்துவிட்டது. பயத்திலேயே இதயம் நின்றுபோகும் பிராணி என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மரச் சட்ட ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கில் போர்வையைத் திணித்து, டேப் ரிக்கார்டரில் நாதஸ்வரம் வைத்தார் பெரியவர். எழுபத்து மூன்று வயதில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு அம்மாள் கதவைத் திறந்தபோது சைகையால் போகச் சொன்னார். துலோ வெளியே வந்து, அவர் தொடையோடு ஒட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்குமேல் வெடி ஓய்ந்தது. நாலு மணிக்கு அது எழுந்து போய், ஒரு பிடி அருகம்புல்லைக் கடித்தது. பெரியவரால் எழுந்திருக்க முடியவில்லை. கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

2025 பூஜை விடுமுறைக்கு மகள் வந்தாள். ஹாலில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள்.