வெறும் எம்.பி.பி.எஸ்.

கொஞ்சம் நீளமான இழை இது. டீ குடிச்சிட்டே படிங்க.

"பெரிய டாக்டர் எப்ப வருவாவ?"

திருநெல்வேலிப் பக்கம் அரசு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர் யாரும் இந்தக் கேள்வி இல்லாம ஒரு வாரத்தை ஓட்ட முடியாது. நான்தான் டாக்டர்னு சொன்னா அடுத்தது வரும்: "சரிய்யா, நீங்க எதுக்கு டாக்டரு? கண்ணுக்கா, எலும்புக்கா?"

எல்லாத்துக்கும்னு சொல்லுவேன். அப்படியே முகம் விழுந்துரும். "அப்போ வெறும் எம்.பி.பி.எஸ்.தானா?"

கேட்கிறவங்க மேல எனக்குக் கோபமில்லை. பத்து வருஷமா நானும் அதையேதான் கேட்டுட்டு இருக்கேன்.

ஹாஸ்டல்ல ரூம்மேட் லேப்டாப்ல 'ஆப்லிவியன்'னு ஒரு கேம் ஆடுவோம். வாளும் மந்திரமும் உள்ள மாய உலகம். அதுல எந்தத் திறமையை எடுத்தாலும் 100 மார்க், அஞ்சு படி. நாவிஸ்ல ஆரம்பிச்சு 25-ல அப்ரண்டிஸ், 50-ல ஜர்னிமேன், 75-ல எக்ஸ்பர்ட், 100-ல மாஸ்டர். எனக்குப் பிடிச்சது மருந்து கலக்கிற வித்தை. ஒவ்வொரு மூலிகைக்கும் நாலு குணம் வரைக்கும் இருக்கும். நாவிஸுக்கு ஒண்ணு தெரியும், அப்ரண்டிஸுக்கு ரெண்டு, ஜர்னிமேனுக்கு மூணு. நாலாவது எக்ஸ்பர்ட் ஆனாத்தான் கண்ணுக்குத் தெரியும். அது விஷமாக்கூட இருக்கலாம்.

அந்த ஜர்னிமேன்ங்கிற பேரைப் பயணின்னே ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். இல்லையாம். பிரெஞ்சுல 'ஒரு நாள்'ங்கிற சொல்லுல இருந்து வந்தது. அதாவது தினக்கூலி. ஐரோப்பாவோட பழைய தொழில் சங்கங்கள்ல, தொழில் கத்து முடிச்சவன். கூலி வாங்கலாம், ஆனா சொந்தப் பட்டறை போட முடியாது. நம்ம ஊர்ல கொத்தனார் மாதிரி வச்சுக்கோங்க. சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. ஜெர்மனியில இவங்க மூணு வருஷமும் ஒரு நாளும் சொந்த ஊர்ப்பக்கமே வராம ஊர் ஊராப் போய் வேலை பார்க்கணும்னு வழக்கம். இன்னைக்கும் கறுப்புக் கோட்டு, தொப்பியோட சில தச்சர்கள் அப்படித் திரியுறாங்க.

ஒண்ணு கவனிங்க. அவன் போற ஊர்லயும் ஒரு மாஸ்டர் இருப்பான். நம்ம காருகுறிச்சி அருணாசலத்தை எடுத்துக்கோங்க. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்துல ஜானகியம்மா குரலோட போட்டி போடுற அந்த நாயனம் அவரோடது. அவர் வளர்ந்ததும் டி.என். ராஜரத்தினம் பிள்ளை பக்கத்துல இருந்து வாசிச்சுத்தான். இடையில ஒரு சுரம் தடுமாறினா தாங்கிப்பிடிக்க ஒரு ஆள் பக்கத்துல இருந்தார்.

எங்களுக்கு நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். அப்புறம் கையில ஒரு ஆர்டர். தாமிரபரணிக் கால்வாய் ஓரத்துல ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு நர்ஸ், ஒரு ஃப்ரிட்ஜ். மாஸ்டர் இருக்கிறது ஹைகிரவுண்டுல, 40 கிலோமீட்டர் தள்ளி.

இத்தனைக்கும் எம்.பி.பி.எஸ். அரைப் படிப்பா நினைச்சு உண்டாக்கினது இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல எல்.எம்.பி.ன்னு குறுகிய படிப்பு படிச்ச டாக்டர்கள் நிறைய இருந்தாங்க. 1946-ல போர் கமிட்டி (சண்டை இல்லீங்க, ஜோசப் போர்ங்கிறவர் தலைமையில) அந்தப் படிப்பை நிறுத்தச் சொல்லி, நாட்டுக்கு ஒரே ஒரு 'அடிப்படை மருத்துவர்' போதும்னு பரிந்துரைச்சது. கிராமத்துல முதல்ல பார்க்கிற டாக்டர், முழுசா ஒரு டாக்டர். அந்த முழு டாக்டர்தான் இன்னைக்கு 'வெறும்' ஆகிட்டார்.

சரி, பாம்புக்கு வருவோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம். பிசான நடவு நேரம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும் அந்த அம்மாவுக்கு. வயல்ல இருந்து நேரா தூக்கிட்டு வந்தாங்க, கால்ல சேறு காயல. கணுக்கால்ல கடி, வீக்கம் மேல ஏறுது, ஈறுல ரத்தம். ரெண்டு மில்லி ரத்தம் எடுத்து கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிஷம் ஆட்டாம வச்சேன். சாய்ச்சுப் பார்த்தா தண்ணியா ஓடுது. உறையல. கண்ணாடி விரியனாத்தான் இருக்கணும்.

ஃப்ரிட்ஜ்ல விஷமுறிவு மருந்து பத்து குப்பி இருந்துச்சு. ஹவுஸ் சர்ஜனா எத்தனையோ பேருக்கு அதை ஏத்தியிருக்கேன். ஆனா அப்போல்லாம் பின்னால ஒரு பிஜி நிப்பாரு. அது குதிரை ரத்தத்துல இருந்து எடுக்கிற மருந்து. சிலருக்கு ஒத்துக்காம பிரஷர் இறங்கி மூச்சடைக்கும். யாருக்கு அப்படி ஆகும்னு டெஸ்ட் டோஸ் போட்டும் கண்டுபிடிக்க முடியாது. நாலாவது குணம்.

நான் பயந்துட்டேன். "உயர்சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறது"ன்னு எழுதி 108-ல ஏத்தி விட்டேன். மருந்து ஃப்ரிட்ஜ்லயே இருந்துச்சு.

அந்த அம்மா பிழைச்சாங்க. ஆனா கிட்னி நின்னு, பல வாரம் டயாலிசிஸ். நான் அங்கேயே ஏத்தியிருந்தா கிட்னி தப்பிச்சிருக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. தப்பிக்க இருந்த வாய்ப்பை நான் குடுக்கல, அது மட்டும் நிச்சயம். ரெண்டு மாசம் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் ஒரு வாழைத்தாரோட வந்தார். "நீங்க சட்டுனு அனுப்பி வச்சதாலதான்யா பொழச்சா." பதில் சொல்லாம தாரை வாங்கி வச்சுக்கிட்டேன்.

அடுத்த வருஷம் கார் சாகுபடி. ராத்திரி மடை திறக்கப் போன பெரியவர். கூட வந்த மகன் கொத்தனார், கையில சிமெண்ட் காயல. அதே வீக்கம், அதே 20 நிமிஷம், அதே தண்ணி. சீனியருக்கு போன் அடிச்சேன், எடுக்கல. "அக்கா, அட்ரினலினை ஊசியில ஏத்தி வைங்க"ன்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டு பத்து குப்பியையும் சலைன்ல கலந்து ஆரம்பிச்சேன்.

பத்தாவது நிமிஷம் சொறிய ஆரம்பிச்சார். வாந்தி. பிபி 70. மருந்தை நிறுத்திட்டு தொடையில அரை மில்லி அட்ரினலின், சலைன் வேகமா. அந்த சில நிமிஷத்தை நான் விவரிக்கப் போறதில்லை. பிபி ஏறுச்சு.

நிஜமான கஷ்டம் அதுக்கப்புறம்தான். உடம்புக்குள்ள விஷம் அப்படியே இருக்கு. இப்பக் கொல்லப் பார்த்த அதே மருந்தைத் திரும்ப ஆரம்பிக்கணும். மகன் வாசல்ல நின்னு கத்துறார்: "வெறும் எம்பிபிஎஸ்ஸ வச்சுக்கிட்டு எங்கப்பனைக் கொல்லப் பாக்கீயளா? பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கவே!"

ஆரம்பிச்சேன். சொட்டு சொட்டா, பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து. முடிஞ்சதும் ஹைகிரவுண்டுக்கு அனுப்பினேன். பத்து நாள்ல நடந்து வீட்டுக்குப் போனார். அந்த மகன் இதுவரைக்கும் வந்து பார்க்கல. வாழைத்தாரும் வரல.

(இடையில ஒண்ணு. பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, பாம்பைத் தேடிப் போகாதீங்க. காலை அசைக்காம பக்கத்துல இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நேரம்தான் முக்கியம்.)

கேம்ல 50 தொட்டதும் திரையில ஒரு அறிவிப்பு வரும், புதுசா ஒரு வரம் கிடைக்கும். எனக்கு விடிஞ்சதும் ஓபி-யில தொண்ணூறு சீட்டு கிடைச்சுது.

அடுத்த படிக்கு எங்களுக்கு நீட் பிஜி. 200 கேள்வி, 800 மார்க், தப்பானா மைனஸ். தமிழ்நாட்டுல அரசு டாக்டர்களுக்கு 50 சதவீத இடம் இருக்கு, அது பெரிய விஷயம். அப்படியும் மூணு தடவை எழுதி நான் கேட்ட பிரிவு கிடைக்கல. வேலைக்கே போகாம ரெண்டு வருஷம் ரூமைப் பூட்டிக்கிட்டுப் படிச்ச நண்பன் இப்ப ஸ்பெஷலிஸ்ட். பொறாமை இருக்கு, மறைக்கல. ஆனா அந்த அம்மாவோட கிட்னியைத் திரும்ப ஓட வச்சது ஒரு ஸ்பெஷலிஸ்ட்தான். அதனால படிப்பே வேண்டாம்னு பேசுறவங்க பக்கம் நான் நிக்க மாட்டேன். என் வருத்தம் வேற. இருபத்தஞ்சு வயசுல தனியா நிக்கிற டாக்டர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார யாருமே இல்லை. பரீட்சையில அதுக்கு மார்க்கும் இல்லை.

இப்ப நான் தாலுகா ஆஸ்பத்திரியில இருக்கேன். போன மாசம் ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு போன். பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் புதுசா வந்த டாக்டர் பொண்ணு. "சார், ரத்தம் உறையல. ஆரம்பிக்கவா, அனுப்பவா?"

"ஆரம்பிம்மா. அட்ரினலினை எடுத்து வச்சுக்க. போனை கட் பண்ணாத."

ஒரு மணி நேரம் லைன்லயே இருந்தோம். பேச்சு பெருசா இல்லை. "பிபி?" "நூத்திப்பத்து சார்." "சொறியுறாரா?" "இல்ல சார்." அப்புறம் ஃபேன் சத்தம், யாரோ அழுகிற சத்தம். மருந்து முடிஞ்சு 108 கிளம்பினதும் வச்சேன்.

காலையில மெசேஜ் வந்துச்சு: "வார்டுல விசாரிச்சேன் சார். யூரின் நல்லா போகுதாம்."