பேகம்பேட்டில் ஒரு தண்டால் பள்ளி

காலை ஐந்தரை மணி. மெட்ரோவின் முதல் ரயில் இன்னும் கிளம்பவில்லை. ஹைதராபாத் பேகம்பேட் விமான நிலையத்தின் நீண்ட மதிலை ஒட்டி நடந்தால் நாய்களையும் பால் வண்டிகளையும் தவிர யாரும் எதிர்ப்படுவதில்லை. ஒரு காலத்தில் இந்த நேரத்திலேயே டாக்சிகள் வரிசை கட்டி நின்ற சாலை இது. 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்ஷாபாத்துக்குக் குடிபெயர்ந்த பின் மதிலுக்குள் அமைதி. மதிலுக்கு வெளியேதான் சத்தம் தொடங்குகிறது.

ரசூல்புரா பக்கம் திரும்பியதும் ஒரு புழுதித் திடல். அங்கே பதினைந்து பையன்கள், நான்கு பெண் பிள்ளைகள். இரண்டு இரும்புக் கம்பங்களுக்குக் குறுக்கே ஒரு குழாய், வேப்பமரக் கிளையில் ஒரு வடக்கயிறு, தைத்துத் தைத்து நைந்துபோன மணல் மூட்டை ஒன்று. குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் என்று சொல்ல இவ்வளவுதான். மூன்று ஜோடி கையுறைகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. எடைக் கருவி என்று ஒரு துண்டு இரும்புகூட இல்லை. தூக்குவதற்கு இருப்பது அவரவர் உடம்பு மட்டுமே.

மொழிபெயர்ப்பாளனுக்கு இந்தத் திடலில் முதலில் கிடைப்பது சொற்கள். தெலுங்குப் பிள்ளைகள் ‘தண்டீலு’, ‘பஸ்கீலு’ என்கிறார்கள். உருது பேசும் பிள்ளைகளுக்கு அதுவே ‘தண்ட்’, ‘பைட்டக்’. நாம் தண்டால், பஸ்கி என்கிறோம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போடச் சொன்னால் இங்கே ‘குஞ்சீலு’. மொழிகள் பல, வலி ஒன்று. பழைய ஹைதராபாத்தில் மல்யுத்தம் பழகும் இடத்துக்குத் ‘தாலீம்’ என்று பெயர். கல்வி என்று பொருள்படும் அரபுச் சொல். உடம்புக்குச் சொல்லித் தருவதையும் படிப்பாகவே எண்ணியிருக்கிறார்கள்.

பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: எண்ணிக்கையில் அவருக்கு மயக்கம் இல்லை. நூறு தண்டால் எடுத்துக் காட்டிய பையனை அவர் பாராட்டவில்லை. கால்களை ஒரு திண்டின் மேல் தூக்கி வைத்து எடுக்கச் சொன்னார். அது எளிதானதும், சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்று எடுக்க வேண்டும். பஸ்கி சுலபமானால் ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழ வேண்டும். ஆறு முறைக்கு மேல் முடிகிறதா? அப்படியானால் அடுத்த படிக்குப் போ என்கிறார்.

இதில் கணக்கு இருக்கிறது. சாதாரணத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தலைகீழாக நின்றால் கிட்டத்தட்ட முழு எடையும் கைக்கு வருகிறது. சுலபமான பயிற்சியை ஐந்நூறு முறை செய்தால் வளர்வது தாக்குப்பிடிக்கும் திறன். கடினமானதை ஐந்தாறு முறை செய்தால் வளர்வது பலம். குத்துச்சண்டைக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் முதலாவதை மட்டுமே பெற்றுக்கொண்டு, இரண்டாவதும் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

குத்து கையில் பிறப்பதில்லை. பாதம் தரையை உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் அதை வாங்கி முஷ்டிக்கு அனுப்புகிறது. நடுவில் வயிறும் முதுகும் தளர்ந்தால் பலம் வழியிலேயே சிந்திப்போகும். கயிறேறும்போதும் ஒற்றைக் காலில் எழும்போதும் உடம்பு முழுவதும் ஒரே கட்டாக இறுகியாக வேண்டியிருக்கிறது. தவிர, இது எடைப் பிரிவுகளின் விளையாட்டு. ஐம்பது கிலோ பிரிவில் மோதுகிறவர் ஐம்பது கிலோவுக்குள்தான் பலத்தைச் சேர்த்தாக வேண்டும். தன் எடையைத் தானே தூக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு தினமும் கையில் தெரியும்.

அந்த ஐம்பது கிலோவுக்கு இந்த மாநிலத்தில் ஒரு முகம் உண்டு. நிஜாமாபாத்தின் நிகத் ஜரீன், 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் 52 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த ஆண்டு தில்லியில் 50 கிலோவில் மீண்டும் வென்றார். அதற்கு முன் 2017இல் தோளில் காயம்பட்டு ஒதுங்கியிருந்தவர் அவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் கிட்டவில்லை. ஆனாலும் இந்தத் திடலின் நான்கு பெண் பிள்ளைகளும் இங்கே நிற்பதற்கு அவர்தான் காரணம்.

தமிழருக்கு இது புதிய கதையல்ல. வடசென்னையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகள் பேர்போனவை. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடிய முகமது அலி, பளு தூக்குவதை நம்பாத தலைமுறையைச் சேர்ந்தவர். பளு தூக்கினால் தசை இறுகிக் குத்தின் வேகம் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. இன்று அந்த நம்பிக்கை தளர்ந்துவிட்டது. முன்னணி வீரர்கள் அளவோடு பளுவும் தூக்குகிறார்கள். கால் பலத்தைக் கூட்டுவதில் வெறும் உடல் எடை ஒரு கட்டத்துக்கு மேல் போதாது என்பதும் உண்மை.

இந்த உண்மைதான் அன்று காலை சங்கடமாக வந்து முன்னே நின்றது. திடலின் ஓரத்தில் இட்லி வண்டி போட்டிருப்பவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். அவருடைய பதினாறு வயது மகன் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தான். என் தமிழைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“சார், ஜிம்முக்குப் போனாத்தான் பெரிய பாக்ஸர் ஆவலாம்னு பையனோட சிநேகிதங்க சொல்றாங்க. மாசம் ஆயிரத்தைநூறு கேக்கறாங்க. வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும். இங்க பண்றது போதுமா, போதாதா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

நான் தமிழ் படித்தவன், உடற்கல்வி படித்தவன் அல்ல என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டது வட்டிக்கு வாங்கப் போகும் பணத்தைப் பற்றி. பயிற்சியாளரிடம் போனோம். அவர் தக்கனி உருதுவில் சொன்னதை நான் தமிழாக்கினேன். ஒரு பக்கம் ஒற்றைக் காலில் பத்து முறை எழத் தெரியாதவனுக்கு இரும்பு தேவையில்லை. இன்னும் இரண்டு வருடம் உடம்பே போதும். அதற்குப் பிறகு தேவைப்பட்டால் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றலாம். இப்போது குறைவது இரும்பு அல்ல, முட்டையும் தூக்கமும். ராத்திரி பதினொன்று வரை வண்டியில் பாத்திரம் கழுவுகிற பையன் ஐந்து மணிக்கு எழுந்து வந்தால் எந்தப் பயிற்சியும் ஒட்டாது.

கடைசி வாக்கியத்தைத் தமிழாக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “ஒன்பது மணிக்கு அனுப்பிடறேன்னு சொல்லுங்க சார்” என்றார். வட்டிப் பணத்தைப் பற்றிப் பிறகு பேச்சு எழவில்லை.

இதே பேகம்பேட்டில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்கு முன் அவர் அறுத்துப் பார்த்துப் பயனில்லாமல் போன கொசுக்கள் ஏராளம். அவர் வேலை செய்த கட்டடம் இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது. திடலில் இருந்து திரும்பும்போது அது நினைவுக்கு வந்தது. ஐந்தாவது முறை மேலே போன பையன் ஆறாவதில் பாதியில் நின்று நடுங்கினான். பயிற்சியாளர் தூக்கிவிடவில்லை. தகப்பனார் இட்லித் தட்டைத் திறக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றார். பையன் கீழே குதித்துக் கைகளைப் புழுதியில் துடைத்துக்கொண்டு மறுபடியும் குழாயைப் பிடித்தான்.