மீன்காரப் பெண்கள் ஆடிய மைதானம்

கோல்ப் என்றதும் அது பணக்காரரின் பொழுதுபோக்கு என்றே எம்மில் பலர் எண்ணுவோம். பரந்த புல்வெளி, காவலாளி நிற்கும் வாசல், அங்கத்தவர் தவிர வேறெவரும் நுழைய முடியாத விடுதி என்பனவே மனக்கண்ணில் தோன்றும். ஆனால் அந்த விளையாட்டின் தாயகமான ஸ்கொட்லாந்தில், சாதாரண மக்கள் சிறு தொகை செலுத்தி ஆடும் பொது மைதானங்கள் பல உள்ளன. அவற்றுள் மிகப் பழைய ஒன்று மஸல்பரோ என்னும் கடற்கரைப் பட்டணத்தில் இருக்கிறது.

தலைநகரான எடின்பரோவிலிருந்து கிழக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரம். பஸ்ஸிலேயே போய்விடலாம். கடலை அண்டிய சமதரையில் குதிரைப் பந்தய ஓடுபாதை ஒன்று வளைந்து செல்கிறது. அதற்குள்ளே ஒன்பது குழிகள் கொண்ட இந்த மைதானம் அமைந்துள்ளது. 1672இல் இங்கு கோல்ப் ஆடிய செய்தி ஒரு கனவானின் கணக்குப் புத்தகத்தில் பதிவாகியுள்ளது. 1567இல் ஸ்கொட்லாந்து அரசி மேரி இங்கு விளையாடினார் என்றும் சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை.

அரசியை விட எமது கவனத்துக்குரியவர்கள் வேறு பெண்கள். மஸல்பரோவை ஒட்டி பிஷர்ரோ என்ற மீன்பிடித் துறை உண்டு. அங்கே ஆண்கள் மீன் பிடிக்க, பெண்கள் அதைக் கூடையில் இட்டு முதுகில் சுமந்து எடின்பரோ வரை நடந்து சென்று விற்றார்கள். வீட்டைத் தாங்கியது அவர்களது உழைப்பு. அப்பகுதியின் மதகுருவான அலெக்சாண்டர் கார்லைல் 1790களில் அவர்களைப் பற்றி எழுதியுள்ளார். அவர்கள் ஆண்களின் வேலையைச் செய்பவர்கள் என்றும், விடுமுறை நாட்களில் கோல்ப் ஆடுவார்கள் என்றும் அதில் கூறுகிறார். ஆண்டுக்கொருமுறை மணமான பெண்களும் மணமாகாத பெண்களும் மோதும் உதைபந்தாட்டத்தில் எப்போதும் மணமானவர்களே வெல்வார்களாம்!

1810 டிசெம்பரில் மஸல்பரோ கோல்ப் கழகம் இப்பெண்களுக்கென ஒரு போட்டியை அறிவித்தது. 1811 புத்தாண்டையொட்டி நடத்தவிருந்த அப்போட்டிக்கு முதற் பரிசு ஒரு புதிய மீன்கூடையும் சால்வையும். பரிசுகளில் பட்டுக் கைலேஞ்சிகளும் இருந்தன. பெண்களுக்கான கோல்ப் போட்டி பற்றிய மிகப் பழைய பதிவுகளில் இதுவும் ஒன்று. பரிசைச் சற்றுக் கவனியுங்கள், சகோதரிகளே. கூடை மறுநாள் தொழிலுக்கு உதவும். சால்வை குளிருக்கு உதவும். கைலேஞ்சியோ வெறும் ஆசைக்காக. இவை மூன்றும் அப்பெண்களுக்குத் தேவைப்பட்டன.

இன்னொரு பெண்ணின் நினைவும் இங்கு உண்டு. நான்காவது குழியருகே திருமதி போர்மன் என்பவரின் விடுதி இருந்தது. ஆட்டக்காரருக்கு யன்னல் வழியே உணவும் பானமும் கொடுப்பார்கள். அந்தக் குழி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

1874க்கும் 1889க்கும் இடையில் புகழ்பெற்ற ஓப்பன் போட்டி ஆறு தடவைகள் இங்கு நடந்தது. இங்கு ஆடிய கழகங்களுள் செல்வாக்கு மிக்க ஒன்று 1891இல் மியூர்பீல்ட் என்ற இடத்தில் சொந்த மைதானம் அமைத்து வெளியேறியது. ஓப்பன் போட்டியும் அதனுடன் போய்விட்டது. அந்தக் கழகம் பெண்களை அங்கத்தவராக ஏற்கத் தீர்மானித்தது 2017இல்தான். முதற் பெண்கள் சேர்ந்தது 2019இல். மீன்காரப் பெண்களின் போட்டிக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்!

சரி, இன்று இந்த மைதானம் எப்படி? அங்கத்தவராக வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தி யாரும் ஆடலாம். உலகப் புகழ்பெற்ற சென் அன்ட்ரூஸ் பழைய மைதானத்தில் வெளியூரவர் ஒரு ஆட்டத்துக்கு, கோடை காலத்தில் முந்நூறு பவுணுக்கு மேல் கொடுக்க வேண்டும். இங்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். ஒன்பது குழிகள் என்பதால் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் ஆட்டம் முடிந்துவிடும். வீட்டு வேலையும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண்ணுக்கு இது பெரிய வசதி. தரை மட்டமானது என்பதால் வயதானவர்களும் சிரமமின்றி நடக்கலாம்.

குறைகளும் உண்டு. குதிரைப் பந்தய நாட்களில் ஆட முடியாது. மரநிழல் இல்லை. கடற்காற்று பந்தைத் திசைமாற்றும். பெரிய மைதானங்களின் சொகுசையும் இங்கே எதிர்பார்க்கக் கூடாது.

ஆயினும் ஒரு பொது இடத்தை மதிப்பிடும்போது புல்லின் அழகை மட்டும் பார்த்தால் போதாது. யார் உள்ளே போகலாம், எவ்வளவு செலவாகும், எவ்வளவு நேரம் எடுக்கும், உழைத்துக் களைத்த ஒரு பெண் அங்கே கூச்சமின்றி நிற்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். பாரம் சுமப்பவளுக்கும் விளையாட ஒரு நாள் வேண்டும் என்பதைப் பிஷர்ரோப் பெண்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.